தண்ணியில பூச்சிமருந்து டெஸ்ட்டுக்கு ஸ்டாண்டர்ட் ரெடி பண்றது எப்படி: லேபுக்கு புதுசா வந்தவங்களுக்கு

தண்ணி டெஸ்டிங் லேப்ல புதுசா சேர்ந்திருப்பீங்க, ஜிசி (கேஸ் குரோமட்டோகிராஃப்) மெஷின் முன்னாடி உக்கார வச்சு பீக் (ஸ்கிரீன்ல எழும்பற முகடு) எப்படி பாக்கணும், ஏரியா எப்படி எடுக்கணும்னு சொல்லிக் குடுத்திருப்பாங்க. ஆனா அந்த பீக்கை எதோட ஒப்பிட்டு நம்பர் போடறோம், அந்த ஸ்டாண்டர்டை, அதாவது தெரிஞ்ச அளவு மருந்து கலந்த கரைசலை, யார் எப்படி கலக்கினாங்கங்கறதை பெரும்பாலான இடத்துல யாரும் உக்காந்து சொல்றதில்ல. பழைய ஆள் கலக்கி வச்ச வயல் (சின்ன கண்ணாடிக் குப்பி) ஃப்ரிட்ஜ்ல இருக்கும், அதையே எடுத்து ஓட்டுவாங்க. அதனாலதான் இதை எழுதறேன்.

ஒண்ணு மட்டும் முதல்ல மனசுல வச்சுக்கோங்க. மெஷின் குடுக்கிறது வெறும் ஏரியாதான், அதை லிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம்னு மாத்தறது உங்க ஸ்டாண்டர்டு. லேபிள்ல 1ன்னு போட்டிருக்கு, ஆனா மூடி சரியில்லாம சால்வென்ட் (மருந்தைக் கரைச்ச திரவம்) ஆவியாகி உண்மையில அது 1.2 ஆயிடுச்சுன்னு வைங்க, அப்ப சாம்பிள்ல 1.2 இருந்தாலும் ரிப்போர்ட்ல 1ன்னுதான் வரும். டிடிடிக்கு குடிநீர்ல வரம்பே லிட்டருக்கு 1 மைக்ரோகிராம்தான், அதாவது ஃபெயில் ஆகவேண்டிய கிணத்துத் தண்ணி பாஸ் ஆயிடும், அந்த வீட்டுக்காரங்க அதை நம்பி குழந்தைக்குக் குடுப்பாங்க. கெட்டுப்போன ஸ்டாண்டர்டு இதுக்கு நேரெதிர், அதுல மருந்து உடைஞ்சு குறைஞ்சிருக்கும், சாம்பிள்ல இருக்கிறதை விட விஷத்தை அதிகமா காட்டும். ரெண்டுமே மெஷின் ஸ்கிரீன்ல பாத்தா தெரியவே தெரியாது.

முதல்ல எந்த அளவு வேணும்னு பாருங்க

கலக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, 2012 பதிப்பை எடுத்து பூச்சிமருந்து டேபிளைப் பாருங்க. எல்லாம் லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கு: ஆல்ஃபா எச்சிஎச் 0.01, பீட்டாவும் டெல்டாவும் 0.04, லிண்டேன் 2, ஆல்ட்ரினும் டையெல்ட்ரினும் 0.03, எண்டோசல்ஃபான் 0.4, மெத்தில் பாரத்தியான் 0.3, குளோர்பைரிஃபாஸ் 30, மாலத்தியான் 190. கீழ இருந்து மேல வரைக்கும் 19,000 மடங்கு வித்தியாசம், அதனால எல்லாத்தையும் ஒரே அளவுல ஒரே மிக்ஸ்ல போட்டா சிலது டிடெக்டருக்கே தெரியாது, சிலது அதை நிரப்பிடும். பாட்டில் தண்ணி டெஸ்ட் பண்றீங்கன்னா ஐ.எஸ். 14543ல தனித்தனியா ஒவ்வொண்ணும் 0.1, எல்லாம் சேர்த்து 0.5 தான். 2003ல டெல்லி சி.எஸ்.இ.ங்கற சுற்றுச்சூழல் ஆய்வு அமைப்பு பாட்டில் தண்ணியில பூச்சிமருந்து இருக்குன்னு வெளியிட்ட பிறகுதான் அந்த விதி இவ்ளோ கடுமையாச்சு.

பொதுவா 1 லிட்டர் தண்ணியை எக்ஸ்ட்ராக்ட் பண்ணி (அதுல இருக்கிற மருந்தை சால்வென்ட்டுக்கு இழுத்து) 1 மி.லி.க்கு சுருக்குவோம், ஆயிரம் மடங்கு. அப்படின்னா தண்ணியில லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் இருந்தா கடைசி வயல்ல மி.லி.க்கு 0.1 மைக்ரோகிராம் இருக்கும், எண் மாறாது, கணக்கு ஈஸி. உங்க கேலிப்ரேஷனோட (தெரிஞ்ச செறிவுகளை ஓட்டி மெஷினுக்கு அளவு பிடிக்கிறது) அடிமட்ட லெவல் வரம்புக்குக் கீழ இருக்கணும், அதனால ஆல்ஃபா எச்சிஎச்சுக்கு மி.லி.க்கு 0.005 வரைக்குமாவது இறங்கணும். இதைப் பேப்பர்ல போட்டுப் பாத்துட்டுத்தான் ஃப்ளாஸ்க்கையே தொடணும்.

என்ன வாங்கறது

ரெண்டு வழி இருக்கு, தூள் வாங்கி நீங்களே கரைக்கிறது, இல்லாட்டி கரைசலாவே ஆம்பூல்ல (சீல் பண்ண கண்ணாடிக் குப்பி) வாங்கறது. எதுவானாலும் ரெஃபரன்ஸ் மெட்டீரியல் தயாரிக்கிறதுக்கான ஐ.எஸ்.ஓ. 17034 அங்கீகாரம் இருக்கிற தயாரிப்பாளர்கிட்ட, சர்ட்டிஃபிகேட்டோட வாங்குங்க. பழைய சர்ட்டிஃபிகேட்ல கைட் 34ன்னு இருக்கும், அதுதான் 2016ல 17034 ஆச்சு. நம்ம நாட்டுல சி.எஸ்.ஐ.ஆர்.-என்.பி.எல். பி.என்.டி.ங்கற பேர்ல ரெஃபரன்ஸ் மெட்டீரியல் குடுக்கறாங்க, உங்களுக்கு வேண்டிய காம்பவுண்ட் அதுல இருக்கான்னு ஒரு தடவை பாத்துக்கோங்க.

உரக்கடையில கிடைக்கிற மருந்தையோ டெக்னிக்கல் கிரேடையோ (ஃபேக்டரியில வர்ற சுத்திகரிக்காத மருந்து) ஸ்டாண்டர்டா யூஸ் பண்ணவே கூடாது. டெக்னிக்கல் எண்டோசல்ஃபான்ல ஆல்ஃபாவும் பீட்டாவும் கிட்டத்தட்ட 7க்கு 3ங்கற கணக்குல கலந்திருக்கும், டெக்னிக்கல் டிடிடியில பி,பி வகை முக்கால் பங்குதான், மீதி ஓ,பி வகையும் மத்ததும். எண்டோசல்ஃபானுக்கு ஐ.எஸ். 10500 வரம்பு ஆல்ஃபா, பீட்டா, சல்ஃபேட் மூணையும் கூட்டித்தான் சொல்லுது, ஜிசியில மூணும் மூணு பீக்கா வரும், அதனால மூணுக்கும் தனித்தனி ஸ்டாண்டர்டு வேணும்.

சர்ட்டிஃபிகேட்டை ஃபைல்ல போட்டு மூடிடாம உக்காந்து படிங்க. பியூரிட்டி எவ்ளோ, அன்சர்ட்டன்ட்டி எவ்ளோ, எந்த டெம்பரேச்சர்ல வைக்கணும், எப்ப காலாவதி, அளவு கிராமுக்கா மி.லி.க்கா. இந்தக் கடைசி விஷயத்துலதான் நிறையப் பேர் கோட்டை விடறாங்க. மெத்தனாலோட அடர்த்தி 0.79, அதனால கிராமுக்கு 100 மைக்ரோகிராம்னு போட்டிருக்கிற மெத்தனால் கரைசல்ல மி.லி.க்கு 79 தான் இருக்கும். ஹெக்சேன்னா 66. பிபிஎம்னு பொதுவா எழுதி வச்சா இது ரெண்டுல எதுன்னு அடுத்தவங்களுக்குத் தெரியாது, அதனால லேபிள்லயும் லாக் புக்லயும் பிபிஎம்னு எழுதற பழக்கமே வேணாம்.

உப்பா வர்ற காம்பவுண்டும் இப்படித்தான். 2,4-டி சோடியம் உப்பா வாங்கினா அதோட மூலக்கூறு எடை 243, ஆசிட்டுக்கு 221. எடை போட்டதை 0.91ஆல பெருக்காம விட்டா ஒன்பது சதவீதம் அங்கயே போச்சு.

எதுல கரைக்கிறது

ஆர்கனோகுளோரின் (டிடிடி, எச்சிஎச் மாதிரி குளோரின் இருக்கிற மருந்து) ஸ்டாக்குக்கு, அதாவது முதல்ல கலக்கற செறிவான கரைசலுக்கு, எனக்குப் பிடிச்சது டொலுயீன். 110 டிகிரியிலதான் கொதிக்கும், அதனால ஒவ்வொரு தடவை மூடி திறக்கும்போதும் அவ்ளோவா ஆவியாகாது, அசிட்டோன் 56, ஹெக்சேன் 69, இந்த ரெண்டும் நம்ம ஊர் வெயில்ல கண்ணு முன்னாடியே குறையும். இன்னொரு காரணம், பீட்டா எச்சிஎச், டையெல்ட்ரின் எல்லாம் ஹெக்சேன், ஐசோஆக்டேன்ல நேரா போட்டா சரியா கரையாது, அடியில கண்ணுக்குத் தெரியாத அளவுல துகள் நிக்கும். முதல்ல கொஞ்சம் டொலுயீன்லயோ அசிட்டோன்லயோ கரைச்சுட்டு அப்புறம் நீர்க்கணும்.

கேப்டான், ஃபோல்பெட், குளோரோதலோனில் மாதிரி சிலது அசிட்டோநைட்ரைல்ல உடைஞ்சு போகும், கொஞ்சம் அசிட்டிக் ஆசிட் சேர்த்தாத்தான் நிக்கும். சல்ஃபோனில்யூரியா களைக்கொல்லிகளை மெத்தனால்ல ரொம்ப நாள் வைக்காதீங்க, மெத்தனாலே அதோட ரியாக்ட் ஆகும். புது காம்பவுண்ட் எதை எடுத்தாலும் எந்த சால்வென்ட்ல நிலைக்கும்னு பாத்துட்டுக் கரைங்க.

சால்வென்ட் பெஸ்டிசைடு கிரேடா இருக்கணும். பாராஃபிலிமை ஹெக்சேன் ஃப்ளாஸ்க் வாய்ல சுத்தாதீங்க, அது ஹெக்சேன்ல கரையும், குரோமட்டோகிராம்ல வந்து நிக்கும். பிளாஸ்டிக் பாட்டில், பிளாஸ்டிக் டிப்பு எல்லாத்துலருந்தும் தாலேட் வரும், இசிடி டிடெக்டர் (குளோரின் இருக்கிற மருந்தை நல்லா உணர்றது) அதையும் பீக்கா காட்டும். எல்லாமே கண்ணாடி, மூடி உள்பக்கம் டெஃப்ளான். சாதா கண்ணாடிச் சாமானை 400 டிகிரி அவன்ல சுடலாம், ஆனா அளவு கோடு போட்ட வால்யூமெட்ரிக் ஃப்ளாஸ்க்கை சுடக்கூடாது, அளவே மாறிடும். அதை சால்வென்ட்ல நல்லா அலசிட்டு காய வச்சா போதும்.

எடை போடறது

தூள் பாட்டிலை ஃப்ரீசர்லருந்து எடுத்த உடனே திறக்காதீங்க. மூடியோடயே அரை மணி, ஒரு மணி நேரம் மேஜையில வச்சு ரூம் சூட்டுக்கு வரட்டும். சென்னை, தூத்துக்குடி மாதிரி ஊர்ல சில்லுன்னு இருக்கிற பாட்டிலைத் திறந்தா உள்ள ஈரம் போய் தூள் மேல படிஞ்சுடும், அப்புறம் நீங்க எடை போடறது தண்ணியையும் சேர்த்து.

0.1 மில்லிகிராம் காட்டற நாலு டெசிமல் பேலன்ஸ்ல 10 மில்லிகிராம் எடை போட்டா கடைசி இலக்கம் ஒண்ணு ஆடினாலே ஒரு சதவீதம். அஞ்சு டெசிமல் பேலன்ஸ் இருந்தா அதுல போடுங்க, இல்லன்னா 50 மில்லிகிராம் எடுத்து 50 மி.லி. ஃப்ளாஸ்க்ல கலக்குங்க, காம்பவுண்ட் விலை கூடத்தான் வரும், வேற வழியில்ல. சீலிங் ஃபேனை நிறுத்துங்க, ஏசி காத்து நேரா பேலன்ஸ் மேல படாம பாத்துக்கோங்க. சின்ன கண்ணாடிக் குப்பியில தூளை எடுத்து எடை போட்டு, அதை ஃப்ளாஸ்க்ல கொட்டி, காலி குப்பியை மறுபடி எடை போட்டுக் கழிங்க. 10.00ன்னு சரியா வரணும்னு ஸ்பேட்டுலாவை வச்சு துளித்துளியா போட்டு எடுத்துன்னு போராட வேணாம், 10.24 வந்தா 10.24ன்னே எழுதிக்கோங்க, கணக்கு அதைப் பாத்துக்கும்.

கணக்கு இப்படித்தான். பி,பி-டிடிடி 10.24 மில்லிகிராம், பியூரிட்டி 98.4 சதவீதம். 10.24 பெருக்கல் 0.984, 10.076 மில்லிகிராம். 10 மி.லி. ஃப்ளாஸ்க்ல டொலுயீன் விட்டு கோடு வரைக்கும் நிரப்பினா மி.லி.க்கு 1008 மைக்ரோகிராம். இது ஸ்டாக். இதுல 100 மைக்ரோலிட்டர் எடுத்து அசிட்டோன் விட்டு 10 மி.லி. ஆக்கினா மி.லி.க்கு 10.08, அதுல 1 மி.லி. எடுத்து மறுபடி 10 மி.லி. ஆக்கினா 1.008. லேபிள்ல 1.008ன்னே போடுங்க, 1ன்னு ரவுண்ட் பண்ணாதீங்க.

ஆம்பூல் வாங்கியிருந்தா எடை வேலை இல்ல, ஆனா ஒரு விஷயம் புதுசா வர்றவங்க எல்லாரும் பண்ணுவாங்க. 1 மி.லி. ஆம்பூல்னு எழுதியிருக்கேன்னு உள்ள இருக்கிற மொத்தத்தையும் ஃப்ளாஸ்க்ல கொட்டி, ஆம்பூலை அலசியும் ஊத்தி 10 மி.லி. ஆக்குவாங்க. ஆம்பூல் உள்ள எப்பவுமே 1 மி.லி.க்கு மேலதான் இருக்கும், சர்ட்டிஃபிகேட் உத்தரவாதம் குடுக்கிறது செறிவுக்கு, மொத்த அளவுக்கு இல்ல. கேஸ்டைட் சிரிஞ்சுலயோ கிளாஸ் ஏ பிப்பெட்லயோ சரியா 1.00 மி.லி. அளந்து எடுங்க, மிச்சத்தை உடனே டெஃப்ளான் மூடி வயல்ல மாத்துங்க, உடைச்ச ஆம்பூல்ல திறந்து வைக்காதீங்க.

நீர்க்கும்போது

ஃப்ளாஸ்க்கை எல்லாம் 20 டிகிரிக்குத்தான் கோடு போட்டிருப்பாங்க. ஆர்கானிக் சால்வென்ட் ஒரு டிகிரி சூட்டுக்கு 0.1லருந்து 0.14 சதவீதம் வரைக்கும் விரியும், தண்ணியை விட ரொம்ப அதிகம். அதனால மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசர்லருந்து ஸ்டாக்கை எடுத்து அப்படியே சிரிஞ்சுல இழுத்தீங்கன்னா, 28 டிகிரி ரூம்ல அது 46 டிகிரி வித்தியாசம், கிட்டத்தட்ட அஞ்சு சதவீதம் அதிகமா காம்பவுண்ட் போயிடும். ஒரு நல்ல ஃப்ளாஸ்க்கோட தப்பு 0.2 சதவீதம்தான், அதைப் பாத்துப் பாத்து காசு போட்டு வாங்கிட்டு இங்க அஞ்சு சதவீதத்தை விடறது நியாயமே இல்ல. வயலை வெளிய வச்சு ரூம் சூட்டுக்கு வந்ததும், மெதுவா தலைகீழா திருப்பி கலக்கி, ஃப்ரீசர்ல ஏதாவது படிஞ்சிருந்தா சோனிக்கேட்டர்ல ரெண்டு நிமிஷம் வச்சு கரைஞ்சிருச்சான்னு வெளிச்சத்துல பாத்துட்டு அப்புறம் எடுங்க.

10 மைக்ரோலிட்டருக்குக் கீழ அளக்காம இருக்கிற மாதிரி படிகளைப் பிரிச்சுக்கோங்க. 1000லருந்து நேரா 0.01க்குத் தாவினா சிரிஞ்சோட தப்புதான் முழுக்க உங்க கையில இருக்கும். சிரிஞ்சுல காத்துக்குமிழ் இல்லாம பாருங்க, ஊசியை வெளிய துடைச்சுட்டு, ஃப்ளாஸ்க்ல இருக்கிற சால்வென்ட் மட்டத்துக்குக் கீழ முனையை வச்சு விடுங்க. ஃப்ளாஸ்க் கழுத்து வரைக்கும் நிரப்பி, ஒரு தடவை சுழட்டிட்டு, கடைசி சொட்டுகளை பாஸ்டர் பிப்பெட்ல விட்டு அடி வளைவு கோட்டைத் தொடற இடத்துல நிறுத்துங்க. மூடி போட்டு பத்து பதினஞ்சு தடவையாவது கவிழ்த்து நிமிர்த்தணும், ரெண்டு ஆட்டு ஆட்டினா கழுத்துல இருக்கிற சால்வென்ட் கலக்கவே கலக்காது.

இசிடிக்குப் போற கேலிப்ரேஷன் லெவல்களை ஹெக்சேன்லயோ ஐசோஆக்டேன்லயோ பண்ணுங்க, 0.005, 0.01, 0.05, 0.1, 0.2, 0.5ன்னு ஆறு லெவல் இருந்தா போதும். எல்லாத்துலயும் இன்டர்னல் ஸ்டாண்டர்டு (ஒப்பிட்டுப் பாக்க சேர்க்கிற வேற காம்பவுண்ட்) ஒரே அளவு இருக்கணும். சர்ரகேட்டுக்கு (சாம்பிள்ல முன்னாடியே போட்டு எவ்ளோ திரும்ப வருதுன்னு பாக்கிறது) டெட்ராகுளோரோ-மெட்டா-சைலீனும் டெகாகுளோரோபைஃபீனைலும் நல்லாப் போகும், ஒண்ணு முன்னாடி வரும், இன்னொண்ணு கடைசியில, நடுவுல நம்ம காம்பவுண்ட் எல்லாம்.

டிடிடிக்கு ஒரு தனி செக் உண்டு. இன்ஜெக்டர் லைனர் (சாம்பிளை ஊசியில விடற இடத்துல இருக்கிற கண்ணாடிக் குழாய்) அழுக்கா இருந்தா அந்தச் சூட்டுல டிடிடி (DDT) உடைஞ்சு DDE, DDDங்கற ரெண்டு பொருளா மாறும். அதனால டிடிடியும் எண்ட்ரினும் மட்டும் இருக்கிற ஒரு கரைசலைத் தனியா பண்ணி வச்சு, தினமும் முதல்ல அதை ஓட்டி, உடைஞ்ச பீக்குகள் எவ்ளோ வருதுன்னு பாருங்க. அமெரிக்க இ.பி.ஏ. 8081 மெத்தட் 15 சதவீதத்துக்கு மேல போனா நிறுத்தச் சொல்லுது, லைனரை மாத்திட்டுத்தான் மேல போகணும். இந்தக் கரைசல்ல உடைஞ்ச பொருளோட ஸ்டாண்டர்டைக் கலந்துடாதீங்க, அப்புறம் எது உடைஞ்சது எது நீங்க போட்டதுன்னு தெரியாது.

தண்ணிக்குள்ள போடறது, இங்கதான் கவனம்

மேல சொன்னதெல்லாம் சால்வென்ட்ல. ஆனா வர்ற சாம்பிள் தண்ணி. தண்ணியில தெரிஞ்ச அளவு மருந்தைப் போட்டு, எடுத்துப் பாத்து எவ்ளோ திரும்ப வருதுன்னு காட்டினாத்தான் உங்க மெத்தட் வேலை செய்யுதுன்னு அர்த்தம். ஸ்பைக்குனு சொல்றது இதைத்தான்.

ஸ்பைக் கரைசல் அசிட்டோன் அல்லது மெத்தனால்ல இருக்கணும், தண்ணியோட கலக்கிற சால்வென்ட். ஹெக்சேன் கரைசலைத் தண்ணியில விட்டா மருந்து அந்த ஹெக்சேன் துளியோடயே மேல மிதக்கும், தண்ணிக்குள்ள போகவே போகாது. அப்புறம் எக்ஸ்ட்ராக்ட் பண்ணா 100 சதவீதம் ரெக்கவரி வந்து எல்லாரும் சந்தோஷப்படுவாங்க, ஆனா அது தண்ணியிலருந்து எடுத்ததே இல்ல.

சாம்பிள் பாட்டில்ல 1 லிட்டர் தண்ணி எடுங்க, மி.லி.க்கு 1.008 இருக்கிற கரைசல்ல 100 மைக்ரோலிட்டரை ஊசி முனை தண்ணிக்குள்ள இருக்கும்படி விடுங்க, லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் ஆச்சு. 10.08 கரைசல்ல 100 மைக்ரோலிட்டர் போட்டா டிடிடியோட வரம்பான 1 வரும். ரெண்டு லெவல்லயும் பண்ணுங்க. ரொம்ப அதிகமா போட வேணாம், டிடிடி தண்ணியில லிட்டருக்கு சில மைக்ரோகிராம்தான் கரையும், அதுக்கு மேல போட்டது பாட்டில் சுவர்ல போய் ஒட்டிக்கும்.

ஒட்டறதுதான் பெரிய தொல்லை. தண்ணிக்குப் பிடிக்காத காம்பவுண்ட் எல்லாம் கண்ணாடியில ஒட்டும், பிளாஸ்டிக்கா இருந்தா இன்னும் மோசம். அதனால ஸ்பைக் பண்ண தண்ணியை முந்தின நாளே கலக்கி வைக்கிறது, அதுலருந்து பாதியை அளந்து எடுக்கிறது, வேற பாட்டிலுக்கு மாத்தறது எதுவும் கூடாது. டெஸ்ட்டுக்கு முன்னாடிதான் போடணும், முழு பாட்டிலையும் எக்ஸ்ட்ராக்ட் பண்ணணும், பாட்டில் காலியானதும் டைகுளோரோமீத்தேனை அதுல விட்டு சுவர் முழுக்கப் படற மாதிரி சுழட்டி அதையும் செப்பரேட்டிங் ஃபனல்ல சேர்க்கணும். இதே காரணத்தாலதான் தகுதித் தேர்வு (லேபோட திறமையை சோதிக்கிற) சாம்பிள் அனுப்பறவங்க இந்த மாதிரி காம்பவுண்டுகளுக்கு, தண்ணியா அனுப்பாம, ஆம்பூல்ல கரைசலா அனுப்பி நீங்களே தண்ணியில கலந்துக்கோங்கன்னு சொல்றது.

குழாய்த் தண்ணியில ஸ்பைக் பண்றீங்கன்னா முதல்ல சோடியம் தயோசல்ஃபேட் போட்டு குளோரினை எடுத்துடுங்க. குளோரின் இருந்தா குளோர்பைரிஃபாஸ், மெத்தில் பாரத்தியான் மாதிரி பாஸ்பரஸ் மருந்தெல்லாம் ஆக்சிஜன் ஏறி ஆக்சான் ஆயிடும், நீங்க தேடற பீக் குறைஞ்சு போகும், போட்ட மருந்து எங்க போச்சுன்னு தேடிட்டு இருப்பீங்க. அந்த ஆக்சான் தாய் காம்பவுண்டை விட நச்சு அதிகம்ங்கறதையும் மறக்காதீங்க.

மில்லி-க்யூ (லேப்ல சுத்தம் பண்ண) தண்ணியில மட்டும் ஸ்பைக் பண்ணி 95 சதவீதம்னு எழுதிட்டு நிறுத்திடாதீங்க. வர்ற சாம்பிள் உப்பு ஏறின போர்வெல் தண்ணியும், பாசி பிடிச்ச ஏரித் தண்ணியும்தான். அதுலயும் போட்டுப் பாருங்க, கலங்கல் தண்ணியில டிடிடி மண் துகள்ல ஒட்டி ரெக்கவரி இறங்கறதைக் கண்ணால பாப்பீங்க. பொதுவா 70லருந்து 120 சதவீதத்துக்குள்ள இருந்தா ஏத்துக்கலாம். எக்ஸ்ட்ராக்ட்டை நைட்ரஜன்ல சுருக்கும்போது சுத்தமா காய விட்டுட்டா எச்சிஎச் வகையெல்லாம் சால்வென்ட்டோட பறந்துடும், ரெக்கவரி குறைஞ்சா முதல்ல சந்தேகப்பட வேண்டிய இடம் இதுதான்.

பத்திரமா வைக்கிறதும் சரிபார்க்கிறதும்

பழுப்பு வயல், டெஃப்ளான் மூடி, ஃப்ரீசர், சாம்பிள் வைக்கிற ஃப்ரீசர்ல இல்ல, தனி ஃப்ரீசர். வயலை உள்ள வைக்கிறதுக்கு முன்னாடி மூடியோட எடை போட்டு லேபிள்லயே எழுதுங்க, அடுத்த தடவை எடுக்கும்போது மறுபடி எடை போடுங்க, நீங்க எடுக்காமலே எடை குறைஞ்சிருந்தா ஆவியாகியிருக்கு, தூக்கிப் போடுங்க. கோடு கிழிச்சு வைக்கிறதை விட இது எவ்வளவோ நம்பகம், காசும் ஆகாது.

லேபிள்ல என்ன இருக்கணும்னா காம்பவுண்ட் பேர், செறிவு அலகோட, சால்வென்ட், கலக்கின தேதி, காலாவதி தேதி, கலக்கினவர் கையெழுத்து, லாக் புக் நம்பர். அந்த நம்பரைப் புடிச்சுட்டுப் போனா எந்தப் பேலன்ஸ், எந்த ஃப்ளாஸ்க், எந்த லாட் சர்ட்டிஃபிகேட்னு எல்லாம் வரணும். டெஸ்டிங் லேபுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 ஆடிட்டுக்கு வர்றவங்க கையில ஒரு ரிப்போர்ட்டை வச்சுக்கிட்டு பின்னாடியே நடந்து பாப்பாங்க, நடுவுல ஒரு படி எழுதாம விட்டிருந்தா அங்கயே நின்னுடும். ஸ்டாக்கை ஒரு வருஷம், கேலிப்ரேஷன் கரைசலை ஆறு மாசம்னு அதே 8081 மெத்தட் சொல்லுது, செக் பண்ணும்போது அதுக்கு முன்னாடியே மாறியிருந்தா அப்பவே மாத்தணும்.

செக்குன்னா, வேற கம்பெனிகிட்ட, முடியலன்னா வேற லாட்லருந்து வாங்கின அதே காம்பவுண்டை, முடிஞ்சா வேற ஒருத்தர் கலக்கி, உங்க கேலிப்ரேஷன்ல ஓட்டிப் பாக்கறது. நான் 10 சதவீதத்துக்குள்ள வரணும்னு வச்சிருக்கேன். உங்க ஸ்டாண்டர்டையே வச்சு உங்க ஸ்டாண்டர்டை செக் பண்ணா அது எப்பவும் சரின்னுதான் சொல்லும். புது ஸ்டாக் கலக்கும்போதெல்லாம் பழசையும் புதுசையும் ஒரே நாள்ல அடுத்தடுத்து ஓட்டிடுங்க, ரெண்டும் ஒத்துப்போகலன்னா எது தப்புன்னு தெரியற வரைக்கும் ரிப்போர்ட் போடாதீங்க, கஸ்டமர் எவ்ளோ அவசரப்பட்டாலும்.

லேபுக்குள்ள கண்ட்ரோல் மெட்டீரியலா ஐம்பது நூறு ஆம்பூல் மொத்தமா நிரப்பி வைக்கப் போறீங்கன்னா, நிரப்பின வரிசை நம்பரை ஆம்பூல்ல எழுதுங்க. முதல்ல நிரப்பினது, நடுவுல, கடைசின்னு பத்து எடுத்து ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை ஓட்டி ஆம்பூலுக்கு ஆம்பூல் வித்தியாசம் இருக்கான்னு பாருங்க, கடைசியில நிரப்பினது கூடியிருந்தா நிரப்பற நேரத்துல சால்வென்ட் ஆவியாயிருக்குன்னு அர்த்தம், அடுத்த தடவை சால்வென்ட்டைக் குளிர வச்சு நிரப்புங்க. இப்படி பண்ணதை சிஆர்எம்னு (சர்ட்டிஃபைட் ரெஃபரன்ஸ் மெட்டீரியல்) பேர் வைக்காதீங்க, அது உங்க லேபோட தினசரி செக்குக்கு மட்டும்.

எல்லா வேலையும் ஃப்யூம் ஹூட்லதான், நைட்ரைல் கிளவுஸ், கண்ணாடி. ஸ்டாக் ஒரு மி.லி.ல இருக்கிற 1 மில்லிகிராம் டிடிடி, ஆயிரம் லிட்டர் குடிநீரை வரம்பு வரைக்கும் கொண்டுபோகப் போதும், அதனால காலாவதியான கரைசலை, அலசின சால்வென்ட்டை, எதையும் சிங்க்ல ஊத்தாதீங்க. குளோரின் இருக்கிற கழிவுக்குத் தனி கேன், மத்த சால்வென்ட்டுக்குத் தனி கேன், நிறைஞ்சதும் அபாயக் கழிவு எடுக்க அனுமதி இருக்கிறவங்ககிட்ட குடுத்துட்டு ரசீதை வாங்குங்க. எந்த வயல் எப்ப கழிவுக்குப் போச்சுன்னு அதே லாக் புக் நம்பருக்கு நேரா தேதி போட்டு எழுதி மூடிடுங்க, இல்லன்னா பழைய வயல் ஒண்ணு ஃப்ரீசர் மூலையில கிடந்து, அடுத்து வர்ற புது ஆள் கையில மாட்டும்.